கிளச் இருக்குற வண்டியா, இல்லாத வண்டியா? (செல்லூர் சொந்தங்கள் குரூப்)

சனி, காலை 7.40

கார்த்தி: எல்லாருக்கும் வணக்கம். ஒரு வாரமா முடிவெடுக்க முடியாம கெடக்கேன், அதான் இங்க கேக்குறேன். மூணு சக்கர பைக் ஒண்ணு செகண்ட்ஹேண்ட்ல வாங்கலாம்னு இருக்கேன், கேன்-ஆம் ஸ்பைடர் ஆர்டி. முன்னாடி ரெண்டு சக்கரம் பின்னாடி ஒண்ணு, நம்ம ஆட்டோவ திருப்பிப் போட்ட மாதிரி இருக்கும். இங்க கலிபோர்னியால பக்கத்து ஊர்ல ஒரே கடைல ரெண்டு நிக்கிது, ரெண்டும் 1330 சிசி மூணு சிலிண்டர், ரெண்டுலயும் ஆறு கியர் போக ரிவர்ஸும் இருக்கு, வெலையும் கிட்டத்தட்ட ஒண்ணுதான். ஒண்ணுல கிளச்சு, கால் கியர் எல்லாம் சாதா பைக் மாதிரி. இன்னொண்ணுல கிளச் லிவரே கிடையாது, இடது கிரிப்புக்கிட்ட ஒரு சின்ன பட்டை இருக்கு, பெருவிரல்ல தள்ளுனா கியர் ஏறும், ஆள்காட்டி விரல்ல இழுத்தா எறங்கும். செமி ஆட்டோமேட்டிக்னு சொல்றாய்ங்க. எத எடுக்க?

அம்மா: போன மாசந்தான முட்டி வலிக்குதுன்ன. இப்ப எதுக்கு பைக்கு

கார்த்தி: அதுக்குத்தாம்மா மூணு சக்கரம். ரெண்டு சக்கர வண்டிய சிக்னல்ல இடது கால ஊனி தாங்க முடியல, அதான் போன வருசம் வித்துட்டேன். இதுல கால ஊனவே வேணாம், நின்ன எடத்துல அது பாட்டுக்கு நிக்கும். இங்க இதுக்கு கார் லைசென்ஸே போதும்.

வள்ளி சித்தி: ஹெல்மெட் போடணுமா இல்லையா

கார்த்தி: கட்டாயம் போடணும் சித்தி. இங்க சட்டமே அப்படித்தான்.

பாண்டி அண்ணன்: தம்பி நான் மெக்கானிக்கா சொல்றேன் கிளச் இருக்குறத எடு. கேபிளோ ஆயிலோ எதுல ஓடுனாலும் கையில பிடிக்கிறது கிளச் பிளேட்டுக்குப் போகுது அம்புட்டுதான், என்ன கெட்டாலும் என்ன கெட்டுச்சுன்னு கண்ணுக்குத் தெரியும். பட்டன்ல கியர் மாறுதுன்னா உள்ள ஆயில் பிரஷரு வால்வு சென்சாருன்னு இருக்கும், வயசான வண்டில அதுல ஒண்ணு கோளாறானா கம்ப்யூட்டர மாட்டித்தான் பாக்கணும், ரோட்டோரம் நின்னா ஸ்பேனரு வச்சு ஒண்ணும் பண்ண முடியாது. உனக்கு ஸ்பிளெண்டர்ல கியர் பழகுன கை, மறக்காது.

கார்த்தி: என் மனசும் அங்கதான்ணே போகுது. கியர் போடாம என்ன பைக்கு ஓட்டுறதுன்னு இருக்கு.

ராஜம் அத்தை: கார்த்தி, முட்டில என்னன்னு டாக்டர் சொன்னாரு? அத மொதல்ல சொல்லு.

கார்த்தி: ஜவ்வு கிழிஞ்சது அத்தை, ஷட்டில் ஆடும்போது. ஆபரேசன் வேணாம்னுட்டாங்க. நடக்க ஒண்ணுமில்ல, மடக்கி வச்சுட்டு திடீர்னு நீட்டுனா சுருக்குன்னு பிடிக்கும். பாதத்த தூக்கி விரல்ல கியர ஒசக்க தள்ளும்போது அந்த எடம் இழுக்குது, அதான் பயம்.

ராஜம் அத்தை: நான் சைடு வீல் போட்ட வண்டில 2012ல இருந்து ஆபீஸ் போறேன். என் கால் எல்லா நாளும் ஒரே மாதிரி இருக்காது. நல்ல நாள்ல பாத்தா எதுவும் ஓட்டிரலாம்னு தோணும். மழை நாளு, ராத்திரி தூங்காத நாளு, இல்ல ஆபீஸ்ல நாலு மாடி ஏறி எறங்குன நாளு, அன்னைக்கு சாயங்காலம் வீடு வந்து சேர முடியுதான்னு பாத்துத்தான் வண்டி எடுக்கணும். நீ கடைல காலைல பத்து மணிக்கு ஓட்டிப் பாப்ப, கால் நல்லாத்தான் இருக்கும். அத நம்பி முடிவெடுக்காதப்பா.

ராஜம் அத்தை: அப்புறம் ஒண்ணு. என் வண்டில ரெண்டு பிரேக்கும் கையில. இதுல எங்க?

கார்த்தி: நல்ல கேள்வி அத்தை. ஓடும்போது கையில பிடிக்கிற பிரேக்கே இதுல கிடையாது, ரெண்டு மாடல்லயும் வலது காலு மிதி ஒண்ணுதான், அதுலயே மூணு சக்கரமும் பிடிக்கும். வலது கால் எனக்கு நல்லா இருக்கு.

ராஜம் அத்தை: அப்ப செமி எடுத்தா இடது காலுக்கு வேலையே இல்ல. கிளச் வண்டி எடுத்தா ஒவ்வொரு கியருக்கும் வலிக்கிற காலுக்கு வேலை. இதுல யோசிக்க என்ன இருக்கு?

மீனா: அத்தை சொல்றதுதான் கரெக்ட். ஆமா அண்ணே, கியரே இல்லாம நம்ம ஆக்டிவா மாதிரி வராதா இதுல?

கார்த்தி: ரைக்கர்னு இதே கம்பெனில ஒண்ணு இருக்கு, 2019 மாடல்ல இருந்து வருது, 600, 900 ரெண்டு எஞ்சின். அது ஸ்கூட்டர் மாதிரி பெல்ட்ல தானா போகும். ஆனா சின்ன வண்டி, சாமான் வைக்க எடம் கம்மி. பின்னாடி உங்க அண்ணி முதுகு சாஞ்சு உக்காந்து வரணும், ரெண்டு நாள் துணிமணி கொள்ளணும், அதுக்கு ஆர்டி தான் சரி.

பாண்டி அண்ணன்: முட்டி கதை இப்பத்தான் வெவரமா தெரியுது. அப்ப நான் பிடிவாதம் பிடிக்கல. ஆனா செமின்னா என்னன்னு புரிஞ்சு எடு. அந்தக் காலத்துல ஹீரோ ஹோண்டா ஸ்ட்ரீட்னு ஒண்ணு வந்துச்சு, கிளச் லிவர் இருக்காது, கால்ல மிதிச்சா கியர் விழும். சுத்துற வேகத்துல உள்ள கிளச் தானா பிடிச்சுக்கிரும், வேகம் கொறஞ்சா தானா விட்டுரும். வாங்குனவன்ல பாதிப்பேரு அத கியர் இல்லாத வண்டின்னு நெனச்சு மூணாவதுலயே நிப்பாட்டி மூணாவதுலயே கெளப்பி பிளேட்ட தேச்சுட்டு வந்தாய்ங்க.

கார்த்தி: இதுலயும் உள்ள அதே மாதிரி சென்ட்ரிபியூகல் கிளச்தாண்ணே. ஆனா நிக்கப் போகும்போது நாம எறக்க மறந்தாலும் அதுவே ஒண்ணொண்ணா எறக்கி மொத கியருக்கு வந்துரும். ஏத்துறது மட்டும் நாமதான் தள்ளணும், தானா ஏறாது.

பாண்டி அண்ணன்: அப்படின்னா தேவல.

சனி, மதியம் 1.15

செல்வம் மாமா: மருமகனே சவாரில இருந்தேன் இப்பத்தான் சாப்பிட உக்காந்தேன் எல்லாம் படிச்சேன். நான் கிளச்சுதான் எடுக்கச் சொல்வேன்னு பாண்டி நெனச்சிருப்பான். 32 வருசமா கிளச்சப் பிடிச்சவன் சொல்றேன் வேணாம்யா. நம்ம ஆட்டோல கியரும் இடது கையில கிளச்சும் இடது கையில, பிடிச்சு மணிக்கட்ட திருகணும் விடணும், காலைல ஆறு மணிக்கு மாட்டுத்தாவணில ஆரம்பிச்சா ராத்திரி வரைக்கும் அந்த ஒரு கைதான். சித்திரைத் திருவிழா எதிர்சேவை அன்னைக்கு மூணுமாவடில இருந்து தல்லாகுளம் வர ஒண்ணரை மணி நேரம் ஆச்சு, ஒரு அடி நகர ஒரு தடவ கிளச்சு, வீட்டுக்கு வந்து உங்க அத்தை காபி குடுக்கா டம்ளர இடது கையில வாங்குறேன் பிடிச்சிருக்கேனா இல்லையான்னே தெரியல நழுவி மடியில ஊத்திருச்சு. இன்னைக்கும் காலைல எந்திரிச்சா மோதிர விரலும் சுண்டு விரலும் கொஞ்ச நேரம் மடங்காது, சுடுதண்ணில முக்கித்தான் நிமித்துறேன். எனக்கு பொழப்பு. நீ சந்தோசத்துக்கு ஓட்டப் போற, அதுல போயி எதுக்கு வலிய வெல குடுத்து வாங்குற

அம்மா: டேய் செல்வம் இத எங்கிட்ட சொல்லவே இல்லையேடா நீ. கை என்னத்துக்கு ஆச்சு

செல்வம் மாமா: அக்கா ஒண்ணுமில்ல விடு

ராஜம் அத்தை: நாளைக்கு ஞாயித்துக்கிழமைதான, ஓய்வெடு. திங்கக்கிழமை பெரியாஸ்பத்திரில எலும்பு டாக்டர்கிட்ட காட்டுவோம், நானும் கூட வர்றேன்.

செல்வம் மாமா: சரிக்கா பாப்போம். மருமகனே இன்னொண்ணு கேட்டுக்க, தானா பிடிக்கிற கிளச்சுக்கு ஏத்தந்தான் எதிரி. 90கள்ல சித்தி வீட்டு ஆளுகள ஏத்திக்கிட்டு பழமுதிர்சோலைக்குப் போனேன், முன்னாடி போன வேன் நின்னுருச்சு, நான் பிரேக்க மிதிக்காம ஆப் கிளச்சுலயே, அதாவது கிளச்ச பாதி பிடிச்சுக்கிட்டே, முறுக்கி வண்டிய ஏத்தத்துல நிப்பாட்டி வச்சேன், கெத்துன்னு நெனப்பு. கொஞ்ச நேரத்துல தேங்கா நாரு கருகுற நாத்தம். அப்புறம் முறுக்குனா எஞ்சின் கத்துது வண்டி ஏறல. அம்புட்டுப் பேரும் எறங்கி நடந்தாக. உன் வண்டில அந்தத் தப்ப நீ தெரியாமயே செய்வ, லிவர் இல்லாததால கை உறுத்தாது பாரு. ஏத்தத்துல நின்னா பிரேக்க மிதிச்சுக்கிட்டு நில்லு, முறுக்கி நிப்பாட்டாத. கெளம்பும்போது பிரேக்க விட்டுக்கிட்டே நல்லா முறுக்கு, பைய பைய முறுக்குனா பிளேட்டு பாதி பிடிச்சு பாதி நழுவும்

வள்ளி சித்தி: நடந்தது நல்லா ஞாபகம் இருக்கு. உங்க சித்தப்பா வேட்டிய மடிச்சுக் கட்டிக்கிட்டு ஆட்டோவ தள்ளுனாரு

பாண்டி அண்ணன்: மாமா சொன்னது நூத்துக்கு நூறு. கார்த்தி மெதுவா போகும்போது பெரிய கியர்ல உருட்டாத, எஞ்சின் சுத்து கொறையாமப் பாத்துக்க. நிப்பாட்டிட்டு எறங்கும்போது பார்க்கிங் பிரேக்க மறந்துராத. நம்ம பைக்க கியர்ல போட்டு நிப்பாட்டுனா உருளாது, இதுல எஞ்சின் ஆப் ஆனா கிளச் விட்டுரும், கியர்ல இருந்தாலும் உருண்டுரும். நாலரை குவிண்டாலுக்கு மேல எடை, பிடிச்சு நிப்பாட்ட முடியாது.

மீனா: ரிவர்ஸ் எப்படிண்ணே போடுறது

கார்த்தி: ரிவர்ஸ் பட்டன அமுக்கிக்கிட்டே பட்டைய இழுக்கணும். சரி, நாளைக்கு காலைல போயி ரெண்டையும் ஓட்டிப் பாத்துட்டு சொல்றேன். இங்க இப்ப நடுராத்திரி.

செல்வம் மாமா: ஓட்டும்போது இன்னொண்ணு. பைக்குல வளைவுல வண்டிய சாய்ப்ப. இது சாயாது, ஹேண்டில எந்தப் பக்கம் திருப்புறியோ அந்தப் பக்கந்தான் போகும், உடம்ப வெளிப்பக்கம் தூக்கி வீசும், ஆட்டோல பின்னாடி உக்காந்தவுகள கேளு. ஒடம்ப உள்பக்கம் சாச்சுக்க. நிக்கும்போது பழக்கத்துல கால கீழ வச்சுராத, மிதிபலகைலயே இருக்கட்டும்

ஞாயிறு, காலை 6.05

கார்த்தி: ரெண்டையும் ஓட்டிட்டேன். மொதல்ல கிளச் வண்டி. மாமா, ஒண்ணு சொல்லணும், மொத அரை மணி நேரம் அவ்வளவு சந்தோசம், காலேஜ் நாள் திரும்பி வந்த மாதிரி இருந்துச்சு. அப்புறம் ஊருக்குள்ள பதினோரு சிக்னல். ஏழாவதுல முட்டி சொல்ல ஆரம்பிச்சிருச்சு. அத்தை, நீங்க சொன்னதுக்காகவே காலைல போகாம, மதியம் ஒரு மணி நேரம் நடந்துட்டு அப்புறந்தான் கடைக்குப் போனேன்.

கார்த்தி: செமி வண்டில மொத பத்து நிமிசம் இடது பாதம் இல்லாத கியர தேடிக்கிட்டே இருந்துச்சு, கை இல்லாத கிளச்ச பிடிக்கப் போகுது. அப்புறம் பழகிருச்சு. பெருவிரல்ல தள்ளுனா டக்குனு ஒரு சத்தம், கியர் விழுந்துருது. ஏத்தத்துல மாமா சொன்ன மாதிரியே செஞ்சேன், ஒரு ஜாண் பின்னாடி போயி உடனே பிடிச்சுக்கிருச்சு. வளைவுல மட்டும் தோள்பட்டை இழுக்குது.

ராஜம் அத்தை: முட்டி?

கார்த்தி: ஒண்ணும் பண்ணல அத்தை. செமிதான். அட்வான்ஸ் குடுத்துட்டேன்.

பாண்டி அண்ணன்: ரொம்ப சரி. மீதிப் பணம் குடுக்குறதுக்கு முந்தி சர்வீஸ் பில்லு கேளு. அதுல எஞ்சினுக்கும் கிளச்சுக்கும் கியர் மாத்துறதுக்கும் ஒரே ஆயிலு, செமில ஆயில் பில்டர் ரெண்டு வரும். ஒண்ண மட்டும் மாத்தி இன்னொண்ண விட்டுருந்தா வாங்குன ஒடனே ரெண்டையும் மாத்தச் சொல்லு.

அம்மா: ஹெல்மெட் வாங்கிட்டு போட்டோ அனுப்பு. உனக்கும் மருமகளுக்கும்

செல்வம் மாமா: நல்லது மருமகனே. அந்தப் பட்டைய மட்டும் கிட்டத்துல ஒரு போட்டோ எடுத்து போடுயா, எப்படி இருக்குன்னு பாக்கணும்

ராஜம் அத்தை: செல்வம், நாளைக்கு எட்டரைக்கு பெரியாஸ்பத்திரி வாசல்ல நிக்கிறேன். ஆட்டோவ வீட்டுல விட்டுட்டு பஸ்ஸுல வா.

செல்வம் மாமா: வர்றேன்க்கா