நாலு நிமிடம் காத்திருந்த பிறகுதான் மகளை உள்ளே விட்டார் ரெஃப்ரி. இது சரியா?

கெடிலக்கரை அப்பா:

கடலூரிலிருந்து எழுதுகிறேன். கூடைப்பந்து எனக்கு அவ்வளவாகப் பிடிபடாது, நாங்கள் மஞ்சக்குப்பத்தில் வளர்ந்த காலத்தில் கிரிக்கெட், விட்டால் வாலிபால், அவ்வளவுதான். மகள் ஒன்பதாவது படிக்கிறாள், ஸ்கூல் டீமில் ஆறாவது ஏழாவது ஆள் மாதிரி, முதல் ஐந்தில் இல்லை. போன ஞாயிறு பாண்டியில் ஒரு டோர்னமென்ட் இருந்தது, எது என்று சொல்லப்போவதில்லை. காலை ஆறு மணி பஸ்ஸில் இட்லியைக் கட்டிக்கொண்டு போனோம்.

மூன்றாவது குவார்ட்டரில் 6:10 பாக்கி இருக்கும்போது கோச் அவளைப் பார்த்து "நீ போ" என்றார். அவள் உள்ளே போனது 1:50 இருக்கும்போது. நான் போனில் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தேன், ஸ்கோர் எழுதுகிற டேபிள் மேல் இருக்கிற கடிகாரமும் அதில் தெரிகிறது, அதனால் நேரத்தில் தப்பு இல்லை. கோச் "சப்! சப்!" என்று தொண்டை கிழியக் கத்துகிறார், ரெஃப்ரி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இதற்கு நடுவில் ஐந்து தடவை கூடை விழுந்திருக்கிறது. ஒரு கூடை விழுந்ததும் பந்தை எடுத்துக்கொண்டு கோட்டுக்கு வெளியே போய்த்தானே திரும்பப் போடுகிறார்கள், அந்த நேரத்தில் விட்டால் என்ன?

இதையாவது விட்டுவிடலாம். நாலாவது குவார்ட்டர் கடைசியில் எங்கள் பிள்ளைகள் ஒரு கூடை போட்டதும் எதிர் டீம் ஆள் மாற்றியது, அதே ரெஃப்ரி கையைக் காட்டி உள்ளே விட்டார்! அவர்களுக்கு ஒரு சட்டம், எங்களுக்கு ஒரு சட்டமா? வாலிபாலில் நம்பர் அட்டையைத் தூக்கினால் அடுத்த பாயிண்டுக்குள் ஆள் மாறிவிடும். கேட்கலாம் என்று போனால் அடுத்த மேட்ச் ஆரம்பித்துவிட்டது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

உப்பளம் விசில்:

சார், நான் பாண்டிப் பக்கம் பதினாலு வருஷமாக விசில் ஊதுகிறேன், அந்த மேட்ச் என்னுடையது இல்லை, அதனால் தைரியமாகச் சொல்கிறேன். உங்கள் இரண்டாவது கேள்வியிலேயே முதல் கேள்விக்குப் பாதி பதில் இருக்கிறது.

ஆள் மாற்ற ஒரு வாசல் திறக்கும், உடனே மூடிவிடும். வாசல் திறக்க மூன்றும் சேர்ந்து நடக்க வேண்டும்: பந்து செத்திருக்க வேண்டும் (அதாவது ஆட்டத்தில் இல்லாமல் இருக்க வேண்டும்), கடிகாரம் நின்றிருக்க வேண்டும், ஃபவுல் என்றால் நாங்கள் டேபிளுக்கு நம்பர் காட்டிச் சொல்லி முடித்திருக்க வேண்டும். வெளியே நின்று பந்து போடுகிறவர் கைக்கோ, முதல் ஃப்ரீ த்ரோ (ஃபவுலுக்காக, யாரும் தடுக்காமல் கூடைக்கு எறிய விடுவது) போடுகிறவர் கைக்கோ பந்து போனதும் வாசல் மூடிவிடும். கூடை விழுந்தால் பந்து செத்ததுதான், ஆனால் கடிகாரம் நிற்காது, ஓடிக்கொண்டே இருக்கும். அதனால் உங்கள் ஐந்து கூடையும் கணக்கில் வராது. ஐந்தென்ன, பதினைந்து விழுந்தாலும் விசில் இல்லாமல் ஆள் மாற்ற முடியாது.

நாலாவது குவார்ட்டரில் (எக்ஸ்ட்ரா டைமிலும்தான்) 2:00 அல்லது அதற்குக் கீழே போய்விட்டால் கூடை விழுந்ததும் கடிகாரத்தை நிறுத்திவிடுவார்கள். அப்போது கூடை வாங்கிய டீம் சப் கேட்கலாம். போட்டது உங்கள் பிள்ளைகள், வாங்கியது அவர்கள், அதனால் அவர்களுக்கு விட்டார். அவர்கள் போட்டு நீங்கள் வாங்கியிருந்தால் உங்களுக்கும் விட்டிருப்பார். அதுவும் உலகக் கூடைப்பந்து சங்கமான ஃபிபாவின் விதிப் புத்தகத்தில் இருக்கிறதுதான், ஓரவஞ்சனை இல்லை.

இன்னொன்று. கோச் கத்துவதற்கு அங்கே மதிப்பே கிடையாது. சப் கேட்கிற உரிமை உள்ளே போகப்போகிற பிள்ளைக்கு மட்டும்தான். அவள் டேபிளுக்குப் போய்க் கேட்க வேண்டும், அல்லது அங்கே போட்டிருக்கிற சப் நாற்காலியில் உட்கார வேண்டும். வாசல் திறந்ததும் ஸ்கோரர் ஹாரன் அடிப்பார், நாங்கள் இரண்டு முன்கையையும் குறுக்கே வைத்துக் காட்டி, உள்ளங்கையை அசைத்துக் கூப்பிடுவோம். அதுவரைக்கும் கோட்டுக்கு வெளியேதான் நிற்க வேண்டும். வீடியோவை இன்னொரு தடவை போட்டுப் பாருங்கள், உங்கள் மகள் 6:10-க்கு எங்கே இருந்தாள்?

ராத்திரி ஹூப்ஸ்:

இதெல்லாம் நம் ஊர் ரெஃப்ரிகள் காட்டுகிற கெத்து. அமெரிக்க லீக் என்பிஏவில் நினைத்தபோதெல்லாம் ஆள் மாற்றுகிறார்கள், விடிகாலை நாலு மணிக்கு எழுந்து பார்க்கிறவன் சொல்கிறேன்.

உப்பளம் விசில்:

தம்பி, விடிகாலை தூக்கக் கலக்கத்தில் பார்த்தால் அப்படித்தான் தெரியும். அங்கேயும் கூடை விழுந்த கையோடு ஆளை மாற்றிவிட முடியாது. அங்கே குவார்ட்டருக்கு 12 நிமிடம், நமக்கு 10, விசிலும் டைம் அவுட்டும் அதிகம், அதனால் வாசல் அடிக்கடி திறக்கிறது. அவ்வளவுதான்.

ராத்திரி ஹூப்ஸ்:

சரி அண்ணே, தேடிப் பார்த்தேன், ஒத்துக்கொள்கிறேன். ஆட்டம் நிற்காமல் ஓடணும் என்பது அங்கேயும் பெரிய தலைவலியாக இருந்திருக்கிறது. 1950-ல் ஃபோர்ட் வேய்ன் பிஸ்டன்ஸ், மினியாபொலிஸ் லேக்கர்ஸ் மேட்ச் 19-18 என்று முடிந்திருக்கிறது. முழு மேட்சும் அவ்வளவுதான்! பந்தைக் கையில் வைத்துக்கொண்டு பொழுதைப் போக்கியிருக்கிறார்கள். 1954-ல், 24 விநாடிக்குள் பந்தைக் கூடைக்கு எறிந்தே ஆகணும் என்கிற கடிகாரம் வந்த பிறகுதான் அந்த ஆட்டம் ஒழிந்தது.

சிவப்புப் பேனா:

டேபிளில் உட்காருகிறவர்கள் பக்கத்துக் கதையையும் கேளுங்கள் அண்ணா. பெரிய மேட்சில் ஸ்கோரர், துணை ஸ்கோரர், டைமர், 24 விநாடி பார்க்கிறவர் என்று நாலு பேர் உட்காருவோம். ஸ்கூல் டோர்னமென்டில் பெரும்பாலும் இரண்டு பேர்தான், சில நாள் நான் ஒருத்தியும் ஒரு பிளஸ் ஒன் பையனும். ஒன்று, மூன்றாவது குவார்ட்டருக்குச் சிவப்பு, இரண்டு, நாலுக்கு நீலம் என்று பேனாவை மாற்றி மாற்றி எழுதணும். உங்கள் மகள் முதல் தடவை உள்ளே போகும்போது அவள் பெயருக்கு நேரே ஒரு சின்னப் பெருக்கல் குறி போடுவோம், ஆரம்பத்திலேயே இறங்குகிற ஐந்து பேருக்கு மட்டும் அந்தக் குறியைச் சுற்றி வட்டம். இதோடு ஃபவுல், பாயிண்டு, டைம் அவுட், எல்லாம் ஒரே தாளில்.

போன மார்கழியில் கடலூரில் ஒரு மேட்ச். சாயங்காலம் ஆனதும் பனி இறங்கி சிமெண்டுத் தரை வழுக்க ஆரம்பித்துவிட்டது, ஒரு பையன் கோணிச் சாக்கை வைத்துத் துடைத்துக்கொண்டே இருந்தான். ஃபவுல் விசில் வந்தது, ரெஃப்ரி நம்பர் காட்டினார், நான் குனிந்து எழுதுகிறேன், ஆறா ஒன்பதா என்று பக்கத்திலிருந்தவனோடு வாக்குவாதம் வேறு. சப் நாற்காலியில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தது எனக்கு மறந்தே போய்விட்டது. ஹாரன் அடிக்கவில்லை. பந்து கைக்குப் போய்விட்டது, ஆட்டம் ஓட ஆரம்பித்துவிட்டது. அப்புறம் அடித்தாலும் புண்ணியமில்லை, வாசல் மூடிய பிறகு அடிக்கிற ஹாரனை ரெஃப்ரி கண்டுகொள்ளக்கூடாது என்பதுதான் விதி. அந்தப் பெண் என்னைப் பார்த்த பார்வை இருக்கே! திட்டு வாங்கினது என்னவோ ரெஃப்ரிதான், கூட்டத்துக்கு அவர் ஒருத்தர்தானே கண்ணுக்குத் தெரிகிறார். அன்றையிலிருந்து நாற்காலியில் யாராவது உட்கார்ந்தால் என் இடது கை ஹாரன் மேலேயே இருக்கும், வலது கையால்தான் எல்லாம்.

அதனால் உங்கள் விஷயத்திலும் டேபிள் தப்பாக இருக்கலாம், பாருங்கள்.

கெடிலக்கரை அப்பா:

ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் மகளையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு முழுசாகப் பார்த்தேன். கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது, இருந்தாலும் எழுதுகிறேன்.

6:10-க்கு அவள் எழுந்து கோச் பின்னாடி நின்று காலை உதறிக்கொண்டிருக்கிறாள். டேபிள் பக்கமே போகவில்லை. 4:40-ல் பந்து சைடில் வெளியே போய் விசில் வருகிறது, கடிகாரம் நிற்கிறது, அப்போதும் அதே இடம்தான். விசில் சார் சொன்ன வாசல் திறந்து மூடியதை அப்பனும் மகளும் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறோம். 3:05-ல் ஃபவுல், எதிர் டீமுக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ. இப்போது ஓடுகிறாள், ஃப்ரீ த்ரோ போடுகிற பெண் கைக்குப் பந்து போன பிறகு. இரண்டாவது ஃப்ரீ த்ரோ விழவில்லை, ரீபவுண்டு எடுத்து ஆட்டம் ஓடிவிட்டது. அதிலிருந்து நாற்காலியில்தான் இருக்கிறாள். அடுத்த விசில் 1:50, ஹாரனும் அடித்தது, உள்ளேயும் போய்விட்டாள்.

"கோச் கத்தினா போதும்னு நினைச்சேன்ப்பா" என்கிறாள். கோச்சும் அதையேதான் நினைத்திருப்பார் போல. ஆக ரெஃப்ரி மேல் தப்பில்லை, நான் எழுதிய அந்த ஒரு சட்டம் இரு சட்டம் வரியைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். ஒரு சந்தேகம் மட்டும். அந்த இரண்டாவது ஃப்ரீ த்ரோ விழுந்திருந்தால்?

உப்பளம் விசில்:

விழுந்திருந்தால் வாசல் திறந்திருக்கும் சார், இரண்டு டீமுக்கும். கடைசி ஃப்ரீ த்ரோ உள்ளே போனால் சப் விடலாம், தவறினால் பந்து உயிரோடு இருக்கிறது, விட முடியாது. பாவம், உங்கள் மகளுக்கு எதிர் டீம் பாயிண்டு எடுக்கணும் என்று வேண்டிக்கொள்கிற நிலைமை.

எங்கள் கஷ்டத்தையும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், கேட்க ஆள் கிடைப்பது அபூர்வம். பந்தை ஒருவர் கையில் கொடுப்பதற்கு முன் டேபிளை ஒரு தடவை பார்த்தாக வேண்டும், இதைத்தான் புதுசாக ஊத வருகிற பையன்களுக்கு முதலில் சொல்லித்தருவேன். பார்க்காமல் கொடுத்துவிட்டால் நாற்காலியில் இருக்கிற பிள்ளைக்கு அநியாயம். பார்த்துக்கொண்டே நின்றால் ஆட்டம் தூங்கிவிடும், வேகமாக ஆடுகிற டீமுக்கு அநியாயம். சப் நடந்ததும் உள்ளே ஐந்து, அந்தப் பக்கம் ஐந்து என்று எண்ணுவோம். மூன்று பேர் உள்ளே போய் இரண்டு பேர் மட்டும் வெளியே வந்த கதை எல்லாம் நடந்திருக்கிறது. ஆறு பேரோடு ஆட்டம் ஓடியது தெரிந்தால் கோச் பெயரில் டெக்னிக்கல் ஃபவுல், அதாவது ஆளை இடிக்காமலே விதியை மீறியதற்கு எழுதுகிற ஃபவுல். வெளியே போகிறவர் நேராக பெஞ்சுக்குப் போய்விடலாம், டேபிளில் சொல்லிக்கொள்ள வேண்டியதில்லை, ஆனால் நம் பிள்ளைகள் வருகிறவளுக்குக் கைகொடுத்து, கட்டிப்பிடித்து, யாரைப் பிடிக்கணும் என்று விலாவாரியாகச் சொல்லிவிட்டுத்தான் நகருவார்கள்!

ஐந்து ஃபவுல் ஆகி வெளியேறுகிறவருக்குப் பதில் ஆள் சுமார் 30 விநாடிக்குள் வரணும். வேண்டுமென்றே இழுத்தடித்தால் அந்த டீமின் டைம் அவுட் ஒன்றை எழுதிவிடலாம், டைம் அவுட் மிச்சமில்லையென்றால் கோச்சுக்கு டெக்னிக்கல். இதை நான் இத்தனை வருஷத்தில் இரண்டு தடவைதான் செய்திருக்கிறேன், பெரும்பாலும் "கோச், ஆள் வேணும்" என்று ஒரு குரல் கொடுத்தால் போதும். எனக்கு உண்மையிலேயே எரிச்சல் வருவது காயத்தில்தான். ஒரு பிள்ளை விழுந்ததும் கோச் ஸ்ப்ரேயை எடுத்துக்கொண்டு உள்ளே ஓடிவந்துவிடுவார். வந்துவிட்டால் அந்தப் பிள்ளை வெளியே போயே ஆகணும், எழுந்து நின்று குதித்துக் காட்டினாலும் சரி. சுமார் 15 விநாடியில் தானாக எழுந்தால் ஒன்றுமில்லை. இதைச் சொன்னால் "என்ன சார், மனுஷத்தன்மையே இல்லையா" என்பார்கள். ஷூ லேஸ் கதை தனி, மூச்சு வாங்குகிற நேரத்தில் மட்டும் எப்படித்தான் அவிழுமோ.

நெய்வேலி எண் 12:

இந்தத் தொல்லையே வேண்டாம் என்றால் பக்கத்துக்கு மூன்று பேர் ஆடுகிற த்ரீ பை த்ரீ ஆடவிடுங்கள் சார், டோக்கியோ ஒலிம்பிக்கிலிருந்து அதுவும் இருக்கிறது. டீமுக்கு நாலே பேர். பந்து செத்திருக்கும்போது வெளியே வருகிறவர், கூடைக்கு எதிர்ப்பக்கம் இருக்கிற கோட்டுக்கு வெளியே நிற்கிறவர் கையைத் தட்டினால் ஆள் மாறியாச்சு. ஹாரனும் இல்லை, நாற்காலியும் இல்லை, ரெஃப்ரியைக் கேட்கவும் வேண்டாம்.

கெடிலக்கரை அப்பா:

எல்லாருக்கும் நன்றி. நேற்று இங்கே உள்ளூரிலேயே ஒரு மேட்ச். கோச் தலையை ஆட்டியதுதான் தாமதம், பறந்துபோய் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். அரை நிமிடத்தில் விசில், ஹாரன், ரெஃப்ரி கையைக் குறுக்கே வைத்துக் கூப்பிடுகிறார். இவள் மேலே போட்டிருந்த டீ ஷர்ட்டைக் கழற்றவே இல்லை! அவசரத்தில் இழுத்ததில் தலையில் மாட்டிக்கொண்டது, டேபிளில் இருந்த அக்கா எழுந்து வந்து உருவிவிட்டார்.

சிவப்புப் பேனா:

அந்த அக்கா நான் இல்லை, ஆனால் இந்த வேலையும் நாங்கள்தான் பார்க்கிறோம்.

உப்பளம் விசில்:

எத்தனை விநாடி ஆச்சு?

கெடிலக்கரை அப்பா:

வீடியோவில் பதினொன்று. ரெஃப்ரி முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார், தோள் மட்டும் குலுங்கியது.