வீட்டு மராமத்துச் செலவை எந்தத் தலைப்பில் எழுதினீர்கள்?

திருச்சிக்காரன்:

அப்பா 1994இல் கட்டிய வீடு, அவர் போன பிறகு என் பெயருக்கு வந்தது. முப்பது வருஷத்தில் ஓதம் இடுப்பு உயரம் ஏறி, ஹாலில் மொசைக் வெடித்து, கீழே இருந்த ஒரே பாத்ரூமில் காலை ஆறரைக்கு வரிசை நின்றது. 2024 தை முடிந்ததும் கை வைத்தோம். "ரெண்டரை லட்சத்துல முடிச்சிரலாம் சார்" என்று மேஸ்திரி சொன்ன வேலை 7,42,000 ரூபாயில் வந்து நின்றது. அந்தக் கதை எல்லார் வீட்டிலும் உண்டு, அதை விடுங்கள். என் தலைவலி வேறு.

நான் பன்னிரண்டு வருஷமாக எக்செலில் மாதக் கணக்கு எழுதுகிறவன். மளிகை, பால், கரண்ட் பில், மருந்து, 'வீடு' என்று ஒரு தலைப்பு. அந்த 'வீடு' தலைப்பில் வழக்கமாக ட்யூப்லைட், குழாய் வாஷர், மோட்டார் ரிப்பேர் என்று மாதம் ஆயிரம் இரண்டாயிரம்தான் விழும். மராமத்துச் செலவையும் அதிலேயே போட்டுவிட்டேன். விளைவு, அந்த வருஷத்தில் மற்ற எல்லாச் செலவும் ஒன்றுமே இல்லாத மாதிரி தெரிகிறது. என் மனைவி அதைப் பார்த்துவிட்டு, "பாத்தீங்களா, மளிகைக்கு நான் ஒண்ணும் அதிகமா செலவு பண்ணலை" என்றாள். இந்த நன்மையைத் தவிர அந்தக் கணக்கால் வேறு பிரயோஜனம் இல்லை.

வேலை நடந்தபோது எழுதியது ஒரு லாங் சைஸ் நோட்டு. ஒரு சனிக்கிழமைப் பக்கம் இப்படி இருக்கிறது: கொத்தனார் 2 பேர் 6 நாள், சித்தாள் 3 பேர் 6 நாள், எம்சாண்ட் 2 யூனிட், டீ வடை 140, மேஸ்திரி அட்வான்ஸ் 20,000 பையன் ஜிபே. ஓரத்தில் சிமெண்ட் கை ரேகை. அதற்கு இரண்டு பக்கம் தள்ளி, என் கையெழுத்தில்தான், "கு. 9,500" என்று ஒரு வரி. அது யார், என்ன என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. குழாய்க்காரரா, குமாரா, குப்பையா?

நீங்கள் எல்லாம் எப்படி எழுதினீர்கள், எங்கே அடிபட்டீர்கள், சொல்லுங்கள்.

தாம்பரத்து அண்ணாச்சி:

அடிபட்டவன் பேசுகிறேன். தாம்பரம் பக்கம் 2005இல் வாங்கிய தனி வீடு, 2012 கடைசியில் மாடியில் ஒரு ரூம் எடுத்தேன், மொத்தம் 6 லட்சம். 2023 டிசம்பரில் விற்றேன். விற்ற லாபத்துக்கு வரி கணக்குப் போட ஆடிட்டரிடம் போய் உட்கார்ந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "மாடி கட்டினதுக்கு என்ன சார் இருக்கு?" வீடுதான் இருக்கே, போய்ப் பாருங்க என்றேன். அவர் சிரிக்கவில்லை.

செக்கில் கொடுத்தது, கம்பி சிமெண்ட் கடை பில், எல்லாம் சேர்த்து 4,10,000க்குக் காகிதம் தேறியது. மீதி 1,90,000 கையில் கொடுத்த கூலி, மணல், செங்கல். துண்டுச்சீட்டுகூட இல்லை. சில கடை பில் இருந்தது, ஆனால் மெஷினில் வரும் வழவழப்புத் தாள், பதினோரு வருஷத்தில் எழுத்து முழுக்க மறைந்து வெறும் வெள்ளைத் தாளாகிவிட்டது. அதைக் கொடுத்து என்ன சொல்வது.

கணக்கைக் கேளுங்கள். விலைவாசி ஏற்றத்துக்காக அரசு வருஷா வருஷம் ஒரு குறியீடு அறிவிக்கும். 2012-13க்கு 200, 2023-24க்கு 348. ஆக அந்த 1,90,000 ரூபாய் விற்ற வருஷத்தில் லாபத்திலிருந்து 3,30,600 ஆகக் கழிந்திருக்கும். அது கழியாததால் 20 சதவீதம் வரி 66,120, அந்த வரிக்கு மேல் செஸ் 4 சதவீதம், மொத்தம் 68,765 ரூபாய் நான் கூடுதலாகக் கட்டினேன். நாற்பது ரூபாய் நோட்டில் வாரா வாரம் கொத்தனாரிடம் ஒரு கையெழுத்து வாங்கி வைத்திருந்தால் அதில் ஒரு பகுதியாவது வாதாடிப் பார்த்திருக்கலாம் என்றார் ஆடிட்டர்.

இன்னொன்று. வெள்ளையடித்தது, ஒழுகலை அடைத்தது, மோட்டார் மாற்றியது இதையெல்லாம் அவர் தொடவே இல்லை. அது வீட்டை இருந்தபடி வைத்துக்கொள்ளச் செய்தது, புதிதாக ஒன்றும் சேரவில்லை என்றார். மாடி ரூம் மாதிரி கூடுதலாகச் சேர்ந்ததுதான் வீட்டின் விலையோடு சேரும்.

2024 ஜூலை 23 முதல் விற்பவர்களுக்குக் கணக்கு மாறிவிட்டது. 12.5 சதவீதம், குறியீடு கிடையாது. ஆனால் அந்தத் தேதிக்கு முன்னால் வாங்கிய இடம், வீடு என்றால் இங்கே வசிக்கிறவர்கள் பழைய 20 சதவீத முறையிலும் போட்டுப் பார்த்து எதில் வரி குறைவோ அதைக் கட்டலாம். எந்த முறையானாலும் மேம்பாட்டுச் செலவு கழியும், காகிதம் இருந்தால்.

திருச்சிக்காரரே, உங்கள் வீடு அப்பா வழியில் வந்தது இல்லையா? அவர் செய்த மேம்பாடும் உங்கள் கணக்கில் சேரும், ஆனால் 2001 ஏப்ரல் 1க்குப் பிறகு செய்தது மட்டும். 1994இல் கட்டிய செலவுக்குப் பதிலாக அந்த 2001 தேதியின் சந்தை மதிப்பை எடுத்துக்கொள்ளலாம், பத்திரப் பதிவுக்கு அரசு வைக்கும் வழிகாட்டி மதிப்பைத் தாண்டாமல். அப்பாவின் பழைய டைரிகளை எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.

பற்றுவரவு:

நான் இரட்டைப் பதிவு பைத்தியம், அதாவது ஒவ்வொரு காசையும் எங்கிருந்து போனது, எங்கே வந்தது என்று இரண்டு இடத்தில் எழுதுகிறவன். க்னூகேஷ் என்ற கணக்கு மென்பொருளில் எழுதுகிறேன். அண்ணாச்சி சொன்ன அதே கோடுதான் என் புத்தகத்திலும் நடுவில் ஓடுகிறது. சொத்து பக்கத்தில் 'வீடு', அதன் கீழே 'வாங்கிய விலை', 'மேம்பாடு'. செலவு பக்கத்தில் 'வீடு பராமரிப்பு'. புது பாத்ரூம் மேம்பாட்டுக்குப் போகும், பேங்கில் இருந்த பணம் சுவராக மாறியிருக்கிறது, அவ்வளவுதான், செலவே இல்லை. பெயிண்ட் பராமரிப்புக்குப் போகும்.

இதை இப்போது நீட்டி முழக்குகிறேனே தவிர, 2019இல் நான் செய்த கூத்து வேறு. கோயம்புத்தூர் வீட்டில் பெயிண்ட், ஃபால்ஸ் சீலிங், கர்ட்டன் ராடு, எல்லாவற்றையும் சொத்தில் ஏற்றிவிட்டேன். நிகர மதிப்பு (சொத்தில் கடன் போக மீதி) அறிக்கையைப் பார்த்தால் நான் அந்த வருஷம் ஒரு பைசா செலவு செய்யவில்லை. பேங்கிலோ பதினோராயிரம். கணக்கில் மட்டும் மிராசுதார்.

அதைவிடப் பெரிய தப்பு கடன். 5 லட்சம் பெர்சனல் லோன், 12 சதவீதம், மூன்று வருஷம், தவணை 16,607. மராமத்துக்குச் செலவழித்த 5 லட்சத்தையும் எழுதினேன், அப்புறம் மாதா மாதம் தவணையையும் 'மராமத்து' என்றே எழுதினேன். மூன்று வருஷம் கழித்துக் கூட்டினால் வேலைக்கு 10,97,000 சொச்சம் ஆனதாகக் காட்டுகிறது. ஒரு நாள் முழுக்க மேஸ்திரியைச் சந்தேகப்பட்டேன், பாவம். முதல் தவணையில் 5,000தான் வட்டி, 11,607 அசல். அசல் என்பது கடன் குறைவது, அது செலவில்லை. மூன்று வருஷத்துக்கும் சேர்த்து வட்டி 97,800 சொச்சம், அது மட்டும்தான் செலவு, அதுவும் 'வட்டி' தலைப்பில். கிரெடிட் கார்டில் டைல்ஸ் வாங்கி அதை இஎம்ஐ ஆக்குகிறவர்களும் இதே குழியில்தான் விழுவார்கள். வாங்கிய அன்று ஒரு முறை, பில் கட்டும்போது ஒரு முறை.

இன்னும் ஒன்று, வீட்டை 'இன்றைய மார்க்கெட் விலை'க்கு ஏற்றி எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். பக்கத்து மனை எண்பது லட்சத்துக்குப் போச்சாம் என்று கேட்டு எழுதுவது கணக்கா? கொடுத்த காசை எழுதுங்கள், போதும்.

மாடித்தோட்டம்:

நீங்கள் எல்லாரும் சிமெண்டையும் வரியையும் பேசுகிறீர்கள். எங்கள் மதுரை வீட்டில் நான்தான் கணக்கு எழுதினேன், எனக்கு இடித்தது எல்லாம் சில்லறை. வேலை நடந்த இரண்டு மாதம் பக்கத்துத் தெருவில் வாடகைக்கு இருந்தோம். அந்த வாடகை, சாமான் ஏற்றி இறக்கிய கூலி, அடுப்பு இல்லாததால் ஹோட்டல் சாப்பாடு, வேலை தொடங்கிய அன்று பூசணிக்காய், கடைசி நாள் ஆட்களுக்கு வேட்டி துண்டு. இது மராமத்தா, குடும்பச் செலவா? வீட்டுக்காரர் "எல்லாம் குடும்பச் செலவு" என்றார். நான் விடவில்லை. மராமத்து செய்திருக்காவிட்டால் இந்தக் காசு போயிருக்காது, அதனால் 'மராமத்து - இதர' என்று ஒரு தலைப்பு. கூட்டினால் 58,000. அடுத்த முறை யாராவது "கிச்சனை மட்டும் மாத்திக்கலாம்" என்று கிளம்பினால் அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டுவேன்.

வரவும் உண்டு, அதை யாருமே எழுதுவதில்லை. பழைய ஜன்னல் கிரில், இரும்பு பீரோ, பித்தளைக் குழாய் எல்லாம் எடைக்குப் போட்டு 11,400 வந்தது. முன்கதவு மட்டும் பர்மா தேக்கு, மாமனார் காலத்தது. "அது செல்லரிச்சுப் போச்சும்மா, ஆயிரத்துக்கு எடுத்துக்கறேன்" என்றார் வேலையை எடுத்துச் செய்தவர். சரி என்று கொடுத்துவிட்டேன். அதே கதவை எட்டு மாதம் கழித்து அவர் செய்த இன்னொரு வீட்டு வாசலில் பாலிஷ் போட்டுப் பார்த்தேன். பூட்டுக்கு மேலே என் பையன் சின்ன வயதில் ஆணியால் கீறிய பஸ் படம் அப்படியே இருந்தது. என் நோட்டில் 'பழைய கதவு வரவு 1,000' என்று இருக்கிறது. அதன் பக்கத்தில் என்ன எழுதுவது என்று தெரியாமல் ஒரு ஆச்சரியக்குறி போட்டு வைத்திருக்கிறேன்.

நகையை அடகு வைத்ததைப் பற்றியும் சொல்ல வேண்டும். செலவு எழுதும்போது அந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்பதையும் பக்கத்திலேயே எழுதுங்கள். எழுதாததால் ஆறு பவுன் செயின் மராமத்துக்குப் போனதா, பையன் ஃபீஸுக்குப் போனதா என்று எங்கள் வீட்டில் இன்னும் சண்டை.

நாலாவது பிள்ளை:

உங்கள் வீட்டுக்குச் செய்தால் இந்தத் தலைப்பு எல்லாம் சரி. உங்கள் பெயரில் இல்லாத வீட்டுக்குச் செய்தால்?

கும்பகோணம் பக்கம் எங்கள் ஓட்டு வீடு, அம்மா பெயரில். 2018இல் கைமரம் உளுத்து, ரீப்பர் மாற்றி, நாட்டு ஓடு முழுக்க இறக்கி ஏற்றினோம். 2,60,000, முழுக்க நான். சென்னையில் உட்கார்ந்துகொண்டு ஒவ்வொரு யுபிஐக்கும் குறிப்பில் 'ஓடு', 'ரீப்பர்', 'கூலி' என்று எழுதி அனுப்பினேன், அதில் எல்லாம் நான் ஒழுங்கு. என் கணக்கில் 'ஊர் வீடு' என்று ஒரு சொத்து. ஐந்து வருஷம் அது அங்கேயே இருந்தது.

பாகம் பேச்சு வந்தபோது நான் அந்தத் தாளை எடுத்து நீட்டினேன். பெரியண்ணன் ஒன்றும் சொல்லவில்லை. உள்ளே போய் ஒரு எல்ஐசி டைரியை எடுத்து வந்தார். 2008இல் கிணறு தூர் வாரியது, செப்டிக் டேங்க் கட்டியது, பின்கட்டுச் சுவர் எழுப்பியது, 2011 'தானே' புயலில் விழுந்த தென்னை சரித்த கொட்டகையைத் திரும்பப் போட்டது. ஒரு ரூபாய் விடாமல், நீல மசியில். இதையெல்லாம் அவர் செய்தார் என்பதே எனக்குத் தெரியாது. அக்கா பக்கத்தில் இருந்தாள், "என் கணக்கை எல்லாம் நான் எழுதலைடா" என்றாள். அம்மாவை ஏழு வருஷம் பார்த்துக்கொண்டவள் அவள்.

அன்று ராத்திரி ரயிலில் வரும்போது போனிலேயே அந்த 2,60,000ஐ சொத்திலிருந்து எடுத்து 'அம்மா' என்ற செலவுத் தலைப்பில் போட்டேன். மனசு பெரியது என்று சொல்லவில்லை. என் பெயரில் இல்லாததை என் சொத்து என்று எழுதியது தப்புக் கணக்கு, அதைத் திருத்தினேன்.

வாடகை வீட்டுக்காரன்:

சின்னதாக ஒன்று. வாடகைக்கு விட்ட வீட்டுக்கு மூன்று வருஷம் ஒவ்வொரு ரிப்பேர் பில்லையும் ஃபைல் போட்டு ஆடிட்டரிடம் கொண்டு போனேன். நகராட்சி வரி போக மீதி வாடகையில் 30 சதவீதம் வருமான வரிக் கணக்கில் பொதுவாகவே கழித்துவிடுவார்களாம், நீ ஒரு ரூபாய் செலவழித்தாலும் ஒரு லட்சம் செலவழித்தாலும் அதே 30. ஃபைல் அழகாக இருக்கிறது என்று பாராட்டினார்.

தூங்குமூஞ்சி:

நான் எழுதவே மாட்டேன். வேலை முடிந்த அன்று பேங்க் பாஸ்புக்கைப் பார்ப்பேன், அப்புறம் ஒரு வாரம் பார்க்க மாட்டேன்.

திருச்சிக்காரன்:

எல்லாருக்கும் நன்றி. இரண்டு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பிரித்துவிட்டேன். புது பாத்ரூமும் மாடிப்படிக்கு மேல் போட்ட தளமும் 2,86,000, இது மேம்பாடு, சந்தேகமே இல்லை. ஓதம், பூச்சு, பெயிண்ட் 1,48,500, பராமரிப்பு. வயரிங் 71,000, பழையதை மாற்றியதுதான் என்பதால் அதுவும் பராமரிப்பு. மொசைக்கைப் பெயர்த்து டைல்ஸ் போட்ட 1,94,000தான் இழுபறி. தரை ஏற்கெனவே இருந்தது, ஆனால் இப்போது இருப்பது வேறு தரை. பில்லைப் பத்திரமாக ஸ்கேன் எடுத்துத் தனித் தலைப்பில் வைத்திருக்கிறேன், விற்கிற காலம் வந்தால் ஆடிட்டர் முடிவு செய்யட்டும். இதர 33,000, மாடித்தோட்டம் மேடம் சொன்ன மாதிரியே. அப்பாவின் டைரி கிடைத்தது, 2007இல் மாடி கட்டியதற்கு செங்கல் லோடு வரை எழுதியிருக்கிறார், கையெழுத்து என்னுடையதைவிட நன்றாக இருக்கிறது.

பாக்கி அந்த 9,500. குப்பை அள்ளியதுதான் என்று மனைவி அடித்துச் சொல்கிறாள். ஆனால் ரப்பிஷ் மூன்று டிராக்டர் லோடுதான் போனது, லோடு 1,500, அது வேறு பக்கத்தில் தனியாக இருக்கிறது. குழாய்க்காரருக்கு போன் போட்டேன். "எனக்கு இன்னும் ரெண்டாயிரம் பாக்கி இருக்கு சார்" என்கிறார்.