பாப்பாவோட கொலுசை உருக்காம டாலரா பண்ணித் தர்றவங்க இருக்காங்களா?

எல்லாருக்கும் வணக்கம், நான் கொழிஞ்சாம்பாறைங்க. போன வாரம் ஃபோர்ட் கொச்சி போனப்ப ஒரு நகைக் கண்காட்சிக்குள்ள நுழைஞ்சேன், தங்கம் பேருக்குக்கூட இல்ல, சைக்கிள் டியூப்ல ஆரம், துருப்பிடிச்ச ஆணில வளையல், அப்புறம் ஒரு கண்ணாடிக் குமிழுக்குள்ள பால்பல்லு வெச்ச மோதிரம். அதுக்கு முன்னாடி நின்னவளுக்குக் கால் நகரல. எம்பொண்ணுக்குப் பல்லே முளைக்கல, ஏழாவது மாசத்துல போயிட்டா, 2019ல.

அவ வெள்ளிக் கொலுசும் எங்கம்மா கட்டிவிட்ட வசம்பு வளையலும் பீரோல இருக்கு. கொலுசு கருத்துப்போச்சு, காத்துல இருக்கற கந்தகம் பட்டா வெள்ளி அப்படித்தான் ஆகும்னு தெரியும், ஆனா பாலிஷ் போட மனசு வரல, திருகாணிகிட்ட அவ காலழுக்கு இன்னும் ஒட்டிட்டிருக்கு. இங்க பத்தர்கிட்ட கேட்டா உருக்கிப் புதுசு பண்ணிரலாம்ங்கறார். எனக்கு அது வேணாங்க.

பாலக்காடு, பொள்ளாச்சி, கோவை பக்கம் உருக்காம தேய்க்காம அப்படியே டாலரா கட்டித் தர்றவங்க யாராச்சும் இருக்காங்களா? ரெசின்ல போட்டா வெயில் பட்டு மஞ்சளாகும்ல, வசம்பை அதுக்குள்ள வெச்சா பூஞ்சை பிடிக்குமா, இல்ல கண்ணாடிக்குள்ள வெக்கறதுதான் நல்லதா? பண்ணிப் பாத்தவங்க சொல்லுங்க. ஒரு கொலுசுக்கு மூணு மணிதான், ஒண்ணுகூடத் தொலையக்கூடாது.