வேலந்தாவளம் பஸ் தோப்புச் சாலைக்குள் திரும்ப வேண்டுமா?

வாய்க்கால்மேட்டுக்காரன்:
கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், கொழிஞ்சாம்பாறைக்கும் தமிழ்நாட்டு எல்லையோரம் உள்ள எங்கள் வேலந்தாவளத்துக்கும் இடையே ஓடும் பஸ், தேவை இருக்கும்போது மட்டும் பிரதான சாலையை விட்டுத் தோப்புச் சாலைகளுக்குள் சென்று வர வேண்டும் என்று கிராம சபையில் கேட்டிருந்தேன். எங்கள் பக்கத்து வீட்டு அம்மா ரேஷன் அரிசிப் பையுடன் உச்சி வெயிலில் மெயின் ரோட்டில் இறங்கி, வாய்க்கால் கரையோரமாக அரை மணி நேரம் நடக்கிறார். வழியில் மூன்று மதகுகள். மூன்றிலும் பையை இறக்கி வைத்து, முழங்காலைத் தேய்த்துவிட்டுக்கொண்டுதான் மேலே நடப்பார்.

ஓய்வுபெற்ற நடத்துநர்:
தம்பி, அந்த அம்மாவின் சிரமத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் உள்ளே 1.2 கிலோமீட்டர் போய் அதே வழியில் திரும்பினால், மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் ஏழு நிமிடமும், நிறுத்தித் திருப்பிக்கொள்ள இரண்டு நிமிடமும் ஆகும். பஸ்ஸில் 40 பேர் இருந்தால், ஒருவருக்காக மற்றவர்கள் எல்லோரும் சேர்ந்து இழப்பது ஏறக்குறைய ஆறு மணி நேரம். கொழிஞ்சாம்பாறையில் பாலக்காட்டு பஸ்ஸைத் தவறவிடும் பிள்ளைகளுக்கு யார் பதில் சொல்வது?

வாய்க்கால்மேட்டுக்காரன்:
அண்ணா, காலை எட்டு மணி பஸ்ஸுக்கு உங்கள் கணக்கு முற்றிலும் சரி. அந்த டிரிப்பைத் தொடவே கூடாது. நான் கேட்பது ஆறேழு பேர் மட்டும் உட்கார்ந்து வரும் நடுப்பகல் டிரிப்புகளுக்கு. முக்கிய நிறுத்தங்களுக்கு மட்டும் நேரத்தை உறுதியாக வைத்து, அவற்றுக்கிடையே பத்து நிமிடம் கூடுதல் நேரம் விட்டு, அந்த நேரத்துக்குள் அடங்கும் திருப்பங்களை மட்டும் ஏற்க வேண்டும். யாரும் கேட்காத நாளில் பஸ் அடுத்த நிறுத்தத்தில் நின்று, நேரம் வந்த பிறகே புறப்பட வேண்டும். ஒரு சாலையில் நுழைந்து வேறொரு சாலை வழியே வெளியேற முடிகிற இடங்களில், கூடுதல் தூரமும் குறையும். அமெரிக்காவின் வர்ஜீனியாவில் ஆம்னிலிங்க் பஸ்கள், வழித்தடத்திலிருந்து முக்கால் மைல், அதாவது சுமார் 1.2 கிலோமீட்டர் வரை இப்படித்தான் விலகிச் சென்றன.

எல்லையோர மாணவி:
பின்லாந்தின் ஹெல்சின்கி நகரில் 2012-இல் தொடங்கிய குட்சுபிளஸ் என்ற சேவையும் கேட்பவர்களுக்காகவே ஓடியது. செலவு தாங்காமல் 2015 முடிவில் அதை நிறுத்திவிட்டார்கள். அவர்களாலேயே முடியாததை நம் பஞ்சாயத்து எப்படித் தாங்கும் என்று கேட்கிறேன், அண்ணா.

வாய்க்கால்மேட்டுக்காரன்:
தங்கையே, குட்சுபிளஸுக்கு நிலையான வழித்தடமே கிடையாது. சிறு வேன்கள் ஒவ்வொரு பயணத்துக்கும் புது வழி போட்டன. இங்கோ பஸ் ஏற்கெனவே ஓடுகிறது. கூடுவது சில கிலோமீட்டர் டீசல்தான். அதற்கும் முன்மாதிரி நம் மாநிலத்திலேயே இருக்கிறது. 2022-இல் பாறசாலை அருகே கொல்லயில் பஞ்சாயத்தில் தொடங்கிய கிராமவண்டித் திட்டத்தில், டீசல் செலவை உள்ளாட்சி ஏற்கிறது. வண்டியையும் ஊழியர்களையும் கேரள அரசுப் போக்குவரத்துக் கழகமான கே.எஸ்.ஆர்.டி.சி. தருகிறது.

ஓய்வுபெற்ற நடத்துநர்:
பணம் கிடைத்தாலும் பெர்மிட் தடுக்குமே. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி நம் பஸ்ஸுக்கு எழுதிய வழித்தடம் உண்டு. நினைத்த சாலையில் நுழைய ஓட்டுநருக்கு உரிமை இல்லை. சில தோப்புச் சாலைகள் தமிழ்நாட்டுக்குள் போய் வருபவை. அங்கே கால் வைக்க, பெர்மிட்டை ஏற்று அந்த மாநிலம் போடும் மேலொப்பமும் வேண்டும். அதோடு, ஏற வேண்டியவர் யாருக்கு போன் செய்வது? வண்டி ஓட்டுபவர் போன் எடுக்கக் கூடாது.

வாய்க்கால்மேட்டுக்காரன்:
இறங்குபவருக்கு போனே தேவையில்லை, அண்ணா. ஏறும்போது நடத்துநரிடம் சொன்னால் போதும். முதலில் அதை மட்டும் தொடங்கலாம்.

ஓய்வுபெற்ற நடத்துநர்:
இறக்கிவிடுவது மட்டும் என்றால், எல்லைக்கு இந்தப் பக்கம் உள்ள சாலைகளைப் பெயர் சொல்லிப் பெர்மிட்டில் சேர்க்கும்படி மனு எழுதுங்கள். நானும் கையெழுத்துப் போடுகிறேன். ஏற்றுவதற்காகத் திரும்புவதை இன்னும் நான் ஒப்புக்கொள்ளவில்லை.