மறு: கால்வாய் 'லாக்': பூட்டா, மடையா, நீர்ப்படியா?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

பனாமாக் கால்வாயின் 'லாக்' என்பதற்கு, அதாவது இருமுனையிலும் கதவு வைத்து, நீர்மட்டத்தை மாற்றிக் கப்பலை ஏற்றி இறக்கும் தொட்டிக்கு, 'நீர்ப்பூட்டு' என்று இரண்டு மடல்களில் பார்த்தேன். பெரியவர் ஒருவர் 'மடைக்கதவு' என்று எழுதியிருந்தார். இரண்டுமே எனக்கு ஒப்பவில்லை. காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

பூட்டு என்றதும் சாவிதான் நினைவுக்கு வரும். கப்பலை உள்ளே விட்டுப் பூட்டிவிட்டார்கள் என்றுதான் படிக்கிற பிள்ளை நினைக்கும். பனாமாவில் நடப்பதோ தூக்கும் வேலை. சாக்ரெஸ் ஆற்றை மறித்து உண்டாக்கிய காத்தூன் ஏரி, கடல் மட்டத்துக்கு 26 மீட்டர் மேலே இருக்கிறது. கப்பல் ஒரு கடலிலிருந்து அந்த உயரத்துக்கு ஏறி, ஏரியைக் கடந்து, மறுபக்கம் இறங்கி அடுத்த கடலைச் சேர்கிறது. மடையும் சரிவராது. மடை வழியே நீர் போகும், கப்பல் போகாது.

1881இல் பிரெஞ்சுக்காரர்கள் வேலையைத் தொடங்கியபோது, சூயஸ் போலவே கடல் மட்டத்துக்கு வெட்டிவிடலாம் என்று, சூயஸ் கால்வாயை உருவாக்கிய லெசெப்ஸ் பிடிவாதமாக இருந்தார். மண்சரிவும் மலேரியாவும் மஞ்சள் காய்ச்சலும் சேர்ந்து, ஏறத்தாழ இருபதாயிரம் உயிர்கள் போயின. 1889இல் அந்த நிறுவனம் நொடித்தது. 1904இல் அமெரிக்கர்கள் எடுத்துக்கொண்டார்கள். மலையைக் கடல் மட்டம்வரை வெட்டுவதைவிடக் கப்பலை ஏற்றி இறக்குவதே வழி என்று 1906இல் முடிவானது. அந்த முடிவால்தான் 1914 ஆகஸ்ட் 15 அன்று கால்வாய் திறந்தது. ஆகவே இதற்கு வைக்கும் பெயர், அது செய்யும் வேலையைச் சொல்ல வேண்டும் என்பது என் கருத்து.

என் முன்மொழிவு: நீர்ப்படி.

பனாமாவின் பசிபிக் பக்கத்து லாக்குகள் இருக்கும் மிராஃப்ளோரெஸில் சுற்றுலாப் பயணிகளுக்கென்று மாடம் கட்டியிருக்கிறார்கள். அங்கே நின்று பார்த்தால் வேறு பெயர் தோன்றாது. 33.5 மீட்டர் அகலத் தொட்டிக்குள் 32.3 மீட்டர் அகலக் கப்பல் நுழைகிறது. பக்கத்துக்கு முக்கால் மீட்டர்கூட இடைவெளி இல்லை. பின்னால் கதவு சாத்துகிறது. அப்புறம் சத்தமே இல்லை. பத்து நிமிடத்துக்குள் அந்த இரும்பு மலை கண்ணெதிரே உயர்ந்து நிற்கிறது. எந்தப் பம்பும் ஓடவில்லை. மேலே இருக்கும் நீர், சுவருக்குள் செல்லும் பெரிய குழாய்கள் வழியே தானாக இறங்கித் தொட்டியை நிரப்புகிறது, அவ்வளவுதான். நீரே படியாக நிற்கிறது, கப்பல் அதில் ஏறுகிறது.

கலம் என்றால் கப்பல் என்பதால் 'கலப்படி' என்று முதலில் யோசித்தேன். காதில் கலப்படம் என்று விழுந்ததால் விட்டுவிட்டேன். 'நீர்ப்படி' என்றால் குளத்துப் படிக்கட்டு என்று தோன்றாதா என்று கேட்பீர்கள். அதற்குத்தான் படித்துறை என்ற சொல் இருக்கிறதே. இன்னொரு பொருத்தமும் உண்டு. படி என்பது அரிசி அளக்கும் படியும்தான். பழைய நீர்ப்படிகள் வழியே ஒரு கப்பல் கடந்துபோனால் ஏறத்தாழ 20 கோடி லிட்டர் நன்னீர் ஏரியிலிருந்து கடலுக்குப் போகிறது. ஒவ்வொரு கப்பலுக்கும் ஏரியை அளந்து ஊற்றுகிறார்கள். 2023 வறட்சியில் ஏரி தாழ்ந்தபோது, நாளொன்றுக்கு விடும் கப்பல்களின் எண்ணிக்கையையே குறைக்க வேண்டி வந்தது.

சொல் கிளைக்கவும் செய்கிறது. காத்தூனில் மூன்று அடுத்தடுத்து இருக்கின்றன, அது 'நீர்ப்படிக்கட்டு'. உள்ளறை 'படித்தொட்டி'. சுவருக்குள் ஓடும் குழாய்க்குத் 'தூம்பு' என்ற நம் ஏரிச் சொல்லே போதும். கதவுக்கும் ஒன்று வைத்திருக்கிறேன். இரண்டு கதவுகளும் நேர்க்கோட்டில் சேர்வதில்லை. கை கூப்பியதுபோல, உயர்ந்த நீர் இருக்கும் பக்கமாக முனை நீட்டிச் சேர்கின்றன. நீர் அழுத்த அழுத்த அவை இன்னும் இறுகும். அதனால் 'கூப்புக்கதவு' என்கிறேன். 2016இல் திறந்த புதிய, அகன்ற நீர்ப்படிகளில் கூப்புக்கதவு கிடையாது. சுவருக்குள்ளிருந்து பக்கவாட்டில் நகர்ந்து வருகிறது, 'நகர்கதவு' எனலாம். நீரில் 60 விழுக்காட்டை மறுபடி பயன்படுத்தப் பக்கத்திலேயே குளங்கள் வைத்திருக்கிறார்கள். 'சேமக்குளம்' சரியாக இருக்குமா?

நம் பக்கிங்ஹாம் கால்வாயிலும் லாக்குகள் இருந்தன என்பதை நினைவூட்டுகிறேன். பனாமாவுக்கு மட்டும் தேவைப்படும் சொல் இல்லை இது.

ஒன்றுக்குத்தான் இன்னும் தடுமாறுகிறேன். பழைய தொட்டிச் சுவர்மேல் தண்டவாளத்தில் ஓடும் சிறு மின்சார எஞ்சின்கள். 'மியூல்', அதாவது கோவேறு கழுதை என்பது அவற்றின் செல்லப்பெயர். கப்பல் தன் எஞ்சினில்தான் நகர்கிறது, இவை இருபுறமும் கம்பி வடத்தைப் பிடித்து, சுவரில் உரசாமல் நடுவில் நிறுத்துகின்றன. 'வடம்பிடி வண்டி' என்று குறித்து வைத்திருக்கிறேன். ஆனால் தேர் வடத்தை நாம் இழுக்கத்தான் பிடிக்கிறோம், இங்கே பிடிப்பது நிறுத்த. துறைமுகத்தில் வேலை பார்த்தவர்கள் இந்தக் குழுமத்தில் இருக்கிறீர்கள். அங்கே இந்த வேலைக்கு என்ன சொல் வழங்குகிறது என்று எழுதுங்கள்.