பெர்சனல் பைல்ல ஒரு பேப்பர் இல்லாட்டி: கொழும்பு ஒபிஸ் அனுபவம்

அரசாங்க வேலையில ப்ரமோஷன் இழுபடுறதப் பத்தி இங்க நிறைய பேர் எழுதியிருக்கீங்க, நானும் பார்த்தத சொல்றேன். கொழும்புல ஒரு திணைக்களம், பேர் வேணாம்.

எங்க செக்ஷன்ல ஒரு அக்கா, முகாமைத்துவ உதவியாளர் சேவை, மூன்றாம் தரம். தடைதாண்டல் சோதினை (தரம் உயர எழுதவேண்டியது) பாஸ், சிங்கள மொழிச் சோதினையும் பாஸ், 10 வருஷம் முடிச்சு ரெண்டாம் தரத்துக்குப் போகவேண்டிய ஆள். விண்ணப்பம் திரும்பி வந்துச்சு. என்னன்னா, முந்தி இருந்த ஒபிஸ்ல ஒரு வருஷத்து இன்கிரிமென்ட் போர்ம் பைல்ல இல்லயாம். அந்த வருஷம் சம்பளம் கூடினது சம்பளப் பட்டியல்ல தெளிவா இருக்கு, ஆனாலும் போர்ம் வேணுமாம். அக்கா லீவு போட்டு பழைய ஒபிஸுக்குப் போனா அந்த பைல் வேலையப் பார்த்தவர் ஜனவரி ட்ரான்ஸ்பர்ல போயிட்டார், புதுசா வந்த தங்கச்சிக்கு எந்த அலுமாரியில என்ன இருக்குன்னே தெரியாது, கையெழுத்து வைக்கவேண்டிய பெரிய அதிகாரி பென்ஷன்ல போயிட்டார், அவர வீட்டுல போய்ப் பார்க்கவா ஏலும்?

"ப்ரமோஷன பழைய திகதியில இருந்தே போட்டுத் தருவாங்கதானே, அரியர்ஸ் வரும்தானே" ன்னு சொல்லுவாங்க. வரும். ஆனா அதுவரைக்கும் வீட்டு லோனுக்குப் போட்டா பழைய சம்பளத்தத்தான் பார்ப்பாங்க. இடையில ரிட்டயர் ஆனவங்க நிலைமை இன்னும் மோசம், பென்ஷன் கணக்கு கடைசிச் சம்பளத்த வச்சுத்தானே, கடிதம் பிந்தி வந்தா திருத்தி எடுக்க அந்த வயசுல மறுபடி அலையணும்.

அரசாங்க சேவை மறுசீரமைப்புன்னு சொன்னா எங்களுக்கு வந்தது கைரேகை மெஷின். ஆள் எத்தனை மணிக்கு வந்தாருன்னு அது சொல்லும், வேற ஒன்னும் சொல்லாது. 2001ல அரசியலமைப்போட 17ஆவது திருத்தத்தால அரசாங்க சேவை ஆணைக்குழுவ சுயாதீனமாக்கினாங்க, 2022ல 21ஆவது திருத்தத்துலயும் அந்தச் சுயாதீனத்தத் திருப்பிக் குடுத்தாங்க, நியமனத்துலயும் இடமாற்றத்துலயும் அரசியல் கை குறையணும்னு. அது கட்டாயம் வேணும், அதுல எனக்கு மாற்றுக் கருத்தே இல்ல. ஆனா இந்த அக்காவ எந்த மந்திரியும் தடுக்கல. ஒரு பேப்பர்தான் தடுத்துச்சு.

இந்த அக்கா மாதிரி இணைந்த சேவைக்காரர் (எல்லா அமைச்சுக்கும் பொதுவான சேவையில இருக்கிறவங்க) அமைச்சுக்கு அமைச்சு மாறிட்டே இருப்பாங்க, வேலை செய்ற இடத்துல ஒரு பைல், சுதந்திர சதுக்கத்துல பொது நிர்வாக அமைச்சோட இணைந்த சேவைகள் பிரிவுல இன்னொரு பைல். ரெண்டும் ஒத்துப்போகுதான்னு யார் பார்க்கிறது? நான் கேக்கிறது பெரிய விஷயமில்ல: இன்கிரிமென்ட் குடுக்கிற அன்னைக்கே ஒரு கொப்பி அவங்க கையில குடுங்க, வருஷத்துக்கு ஒருக்கா பைல அவங்களுக்கே காட்டி கையெழுத்து வாங்குங்க. மெஷினும் வேணாம், ட்ரெயினிங்கும் வேணாம். பிள்ளைகள வச்சுக்கிட்டு ஒவ்வொரு மாசமும் கணக்குப் பார்த்து வாழ்றவங்க இவங்க.

பதில்:
அக்காகிட்ட சொல்லுங்க, தகவல் அறியும் உரிமைச் சட்டத்துல (2016, இல. 12) பழைய ஒபிஸ் தகவல் அதிகாரிக்கு எழுதிக் கேக்கலாம், நாமளும் பிரஜைகள்தானே. 14 வேலை நாளுக்குள்ள தர்றதா இல்லையான்னு முடிவு சொல்லணும். தொலைஞ்சுபோச்சுன்னு ஒபிஸ்ல சொன்ன என் நியமனக் கடிதக் கொப்பி எனக்கு அப்படித்தான் கிடைச்சுது. கேக்கிறப்போ "எனது சுயவிபரக் கோவையிலுள்ள" ன்னு போட்டு எந்த வருஷம், எந்தப் படிவம்னு குறிச்சு எழுதச் சொல்லுங்க, பொதுவா எழுதினா இழுத்தடிப்பாங்க. கடிதத்த ரெஜிஸ்டர் தபால்ல அனுப்பி துண்ட பத்திரமா வச்சுக்கச் சொல்லுங்க.