அட்டப்பாடியில் ஆதிவாசிகளுக்கு ஓர் ஆய்வு மையம்: எங்கிருந்து தொடங்குவது?

பவானிக்கரை:
வணக்கம். கேரளத்து அட்டப்பாடியில் அகளிப் பக்கம் ஓர் இருளர் ஊர்க்காரன் நான், படித்தது கோயம்புத்தூரில். விதைப்புக்கு ஒன்று, சாவு வீட்டுக்கு ஒன்று என்று என் பாட்டியிடம் அத்தனை பாட்டு இருந்தது. பதினைந்து வருடத்துக்கு முன்னால் ஒரு கல்லூரியிலிருந்து வந்து மூன்று நாள் தங்கிப் பதிவு செய்துகொண்டு போனார்கள், பாட்டி இறந்த பிறகு அந்தக் குரலையாவது கொடுங்கள் என்று எத்தனை கடிதம் போட்டும் பதில் இல்லை. இருளர், முடுகர், குறும்பர் எல்லாருக்கும் பொதுவாக இங்கேயே ஒரு மையம் வேண்டும் என்று அன்றிலிருந்து தோன்றுகிறது. பழங்குடி ஆய்வுக்கு அரசு நிறுவனங்கள் இருக்கின்றன, கோழிக்கோட்டில் கேரள அரசின் கிர்த்தாட்ஸ், ஊட்டிப் பக்கம் முத்தோரை பாலாடாவில் தமிழ்நாட்டினுடையது. ஆனால் எங்கள் கிழவிகள் பஸ் ஏறி அங்கே போவார்களா? ஓர் ஊரில் இடம் தருகிறார்கள். முதலில் என்ன செய்ய வேண்டும்?

பாலக்காட்டு வக்கீல்:
தம்பி, கட்டடம் பிறகு. முதலில் ஊர்க்கூட்டம் போடுங்கள். ஊர்த் தலைவரான மூப்பன், மற்றப் பொறுப்பாளர்களான வண்டாரி, குருதலை, மண்ணூக்காரன் எல்லாரும் உட்கார்ந்து பேசி, எதைப் பதியலாம், எதை வெளியாள் கேட்கக் கூடாது என்று முடிவெடுத்துத் தீர்மானமாக எழுத வேண்டும். 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின் 3ஆம் பிரிவு, பல்லுயிரும் பண்பாடும் சார்ந்த மரபறிவின் மீது சமூகத்துக்கே உரிமை தருகிறது, அதைத் தீர்மானத்தில் குறிப்பிடுங்கள். மையத்தை அரசிடம் பதிவு செய்வது சுலபம்தான், 7 பேர் இருந்தால் சங்கமாகப் பதியலாம். அந்த 7 பேரில் பெரும்பாலோர் ஊர்க்காரர்களாக இருக்கட்டும்.

களியக்காவிளை:
வக்கீல் சொல்வதோடு காணிக்காரர்கள் என்ற மலைப் பழங்குடியினரின் கதையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அகத்தியமலையில் ஆய்வாளர்களுக்கு வழிகாட்டப் போன காணி இளைஞர்கள், களைப்புத் தெரியாமல் நடக்கத் தாங்கள் தின்னும் ஆரோக்கியப்பச்சை என்ற செடியைச் சொல்லிக் கொடுத்தார்கள். அதிலிருந்து ஜீவனி என்ற மருந்து வந்தது, 1995இல் அதைத் தயாரிக்கும் உரிமம் 10 லட்ச ரூபாய்க்குப் போனது, அதில் பாதி காணிகளுக்கு என்று ஒப்பந்தம், 1997இல் அவர்களுக்கென்று அறக்கட்டளையும் அமைந்தது. உலகமே பாராட்டிய ஏற்பாடு. ஆனாலும் சொல்லித் தந்தது இரண்டு மூன்று பேர், எங்களைக் கேட்கவில்லையே என்று மற்ற காணிகளுக்கு மனத்தாங்கல் வந்துவிட்டது. அதனால் ஓர் ஊரின் சம்மதம் எல்லா ஊருக்கும் ஆகாது, ஊர் ஊராகப் போய்க் கேளுங்கள், வருடங்கள் ஆனாலும் சரி.

மறையூர் டீச்சர்:
பள்ளியில் முதுவர் பழங்குடிப் பிள்ளைகளோடு பழகியதில் தெரிந்துகொண்டது ஒன்று. வீட்டில் பேசும் பேச்சு வகுப்பில் எங்கேயும் இல்லை என்றால் பிள்ளை வாயையே மூடிக்கொள்கிறது. அதனால் பாட்டுகளை ஆய்வேட்டுக்கு மட்டும் வைக்காதீர்கள், மலையாள எழுத்திலும் தமிழ் எழுத்திலும் எழுதி, சின்னப் புத்தகமாகப் பிள்ளைகள் கையில் கொடுங்கள். இன்னொன்று, பதிவு செய்த அன்றைக்கே ஒரு பிரதியைப் பாடியவர் வீட்டில் கொடுத்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். உங்கள் பாட்டிக்கு நடந்தது இன்னொரு வீட்டில் நடக்கக் கூடாது.

பவானிக்கரை:
நன்றி அண்ணா, டீச்சர். டீச்சர் சொன்ன பிரதி விஷயத்தை எங்கள் சங்க விதிகளில் முதல் விதியாகவே எழுதப் போகிறேன். இடம் தருகிற ஊரின் மூப்பனிடம் ஞாயிற்றுக்கிழமை பேசுகிறேன். அந்த ஊரில் நன்றாகப் பாடத் தெரிந்த பெரியம்மா இன்னும் இரண்டு பேர் இருக்கிறார்கள், முதலில் அவர்கள் வீட்டுக்குத்தான் போக வேண்டும்.